ஏழாவது படியில் நின்ற குறிப்பு

மெஹருன்னிசா அக்கா மவுத்தாகிவிட்டார் என்ற செய்தி எங்கள் மென்பொருள் குழுவில் காலையில் வந்தது. உங்களிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் தோன்றியது, 'அப்படியானால் என் குறிப்பு?' என்பதுதான். மூன்று வாரமாக அது அவர் ஒப்புதலுக்குக் காத்திருந்தது. வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருக்கிறார் என்றே நம்பியிருந்தேன்.

பச்சைமலை அடிவாரத்து ஊர்களுக்குப் பஸ் நேரம் காட்டும் இலவச மென்பொருள் எங்களுடையது. யார் வேண்டுமானாலும் நிரல் எழுதித் தரலாம். ஆனால் அதை இயக்கும் முறையைப் படிப்படியாக எழுதிய குறிப்பும் கூடவே வர வேண்டும். விஷயம் தெரியாத ஒருவர் அதைப் படித்தே செய்து முடிக்க வேண்டும் என்பது அக்கா வைத்த விதி. "நிரல் தப்புன்னா கம்ப்யூட்டர் கத்தும். குறிப்பு தப்புன்னா யாரு கத்துவா?" என்பார். அந்த விதியெல்லாம் ஏட்டளவில்தான் என்று நினைத்தேன்.

ஒரு கூட்டத்தில், அதை எடுத்துவிடலாமே என்றேன். அன்றைக்குப் பிடித்தது சனி. என் குறிப்புகள், "மூன்றாவது படியில் நின்றுவிட்டது", "ஐந்தில் நின்றுவிட்டது" என்று ஒற்றை வரியோடு திரும்பி வரும். இருபது வருடம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவருக்கு எப்படி ஐயா நிற்கும்? பழி வாங்குகிறார், வேறென்ன! மற்றவர்களுடையதையும் திருப்புகிறாரா என்று ரகசியமாகத் தேடினேன். திருப்பியிருந்தார். அதுவும் கண்துடைப்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

துக்கம் விசாரிக்க ஸ்ரீரங்கத்திலிருந்து பாலக்கரைக்குப் பஸ் ஏறினேன். அவர் கணவர் காதர் பாய் ஒரு டெய்லர். என் பெயரைக் கேட்டதும் உள்ளே போய் அக்காவின் லேப்டாப்பை எடுத்து வந்தார். இவரும் குறை சொல்லப் போகிறார் என்று உஷாரானேன்.

"உங்க குறிப்பெல்லாம் நான்தான் தம்பி படிச்சுச் செஞ்சு பார்ப்பேன். எங்க நிக்கிறேனோ அதைத்தான் அவ எழுதுவா. கேட்டாலும் சொல்லித்தர மாட்டா. 'அவரு எழுதலைல்ல? அப்ப அங்கயே நில்லுங்க'ம்பா."

"கடைசியா அனுப்புனது?"

"ஆஸ்பத்திரியில அவ கட்டில் பக்கத்துல உக்காந்து படிச்சேன். ஏழாவது படியில 'கோப்பைத் திறக்கவும்'னு இருக்கு. எந்தக் கோப்புன்னு இல்லையே? சொல்லலாம்னு பார்த்தா, அவ கண்ணே திறக்கல."

வெட்கத்தோடு லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு சந்தேகம். இப்போது அதை அடுத்தவர் மேல் வைப்பதில்லை, என் வரிகள் மேல் வைக்கிறேன்.

அங்கேயே உட்கார்ந்து கோப்பின் பெயரைச் சேர்த்தேன். காதர் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துச் செய்தார். பிறகு பழக்கதோஷத்தில் உள்ளறைப் பக்கம் திரும்பி, "மெஹரு, ஏழு தாண்டிருச்சு" என்றார்.