ஒற்றைக் கால் ஷூ

ஆம்பூரில் எங்கள் பக்கத்துக் குப்பைமேட்டைப் பூங்காவாக்கியபோது தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் பேஜாராக இருந்தது. என் வலது கால் ஷூ அதற்குள் இருந்தது.

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் இருந்தவர். சாம்பிளை ஒற்றைக் காலுக்குத்தான் தைப்பார்கள். வெளிநாட்டு வியாபாரி பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் ஜோடி. அதனால் எங்கள் கட்டிலுக்கடியில் எப்போதும் ஒற்றை ஷூக்கள் கிடக்கும். நானோ பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் நின்று பாடம் நடத்திப் பாதம் அகன்றுபோனவள். கடை ஷூ எதுவும் சேராது. ஒருநாள் என் அளவுக்கு ஒன்று தைத்து எடுத்துவந்தார். கறுப்புத் தோல், உள்ளே சிவப்பு லைனிங். அதுவும் ஒற்றை.

"ஓகே சொல்லு, ஜோடி வரும்" என்றார்.

எனக்குக் கோபம். கட்டின பெண்டாட்டிக்குக்கூடவா சாம்பிள்? போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. கொஞ்சம் கெஞ்சட்டுமே என்று இருந்துவிட்டேன். இரண்டே வாரத்தில் மாரடைப்பில் போய்விட்டார்.

எல்லாம் முடிந்ததும், கட்டிலுக்கடியில் கிடந்த ஒற்றைகளை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். அவற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எது என்னுடையது என்றுகூடப் பிரித்துப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து அவருடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டிபன் பாக்ஸுக்குக் கீழே இடது கால் ஷூ இருந்தது. நான் ஓகே சொல்லாமலே தைத்திருக்கிறார்.

மேட்டின்மேல் மண் போட்டு மூடிப் பூங்கா திறந்ததிலிருந்து தினமும் காலையில் போனேன். செடிக்குக் குழி வெட்டும் பெண்ணிடம் ஒருநாள் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"குழி வெட்டுனா ஷூதான் வருது டீச்சர். எல்லாமே ஒத்தை. இதுல உங்களுது எதுன்னு இன்னாத்த கண்டுபுடிக்கிறது?"

சொன்னாளே தவிர, தேடினாள். நான் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டு, முந்தின நாள் கிடைத்தவற்றை வரிசையாக வைத்துக் காட்டுவாள். ஒவ்வொன்றாகப் பார்த்து இல்லை, இல்லை என்பேன். அப்படியே அவள் மகளின் படிப்பு, என் முழங்கால் வலி என்று பேச்சு நீளும். ரிட்டயரானவளுக்கு வீட்டில் பேச வேறு ஆளில்லை; அதற்கப்புறம் அன்றைக்கு என் வாய் சும்மாதான் இருக்கும்.

போன மாதம் ஒன்றைக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, முந்தானையால் துடைத்து நீட்டினாள். கறுப்பு, வலது கால். லைனிங் மட்டும் பழுப்பு. மண்ணில் கிடந்து சிவப்பு போயிருக்கும் என்று அவளே சொன்னாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஓகேம்மா, இதுதான்."

கட்டினவருக்குச் சொல்லாத ஓகேயை எங்கே கொண்டுபோய்ச் சொன்னேன் பாருங்கள். மறுநாளிலிருந்து அவளிடம் எனக்குக் காட்ட ஒன்றுமில்லை. தூரத்திலிருந்தே கையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறாள். சொன்னது பொய் என்று போய்ச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று இரண்டையும் போட்டுக்கொண்டு போனேன். இடது இதமாக இருந்தது. வலது கடித்தது. ஒரு சுற்று நொண்டிக்கொண்டே நடந்தேன். தூரத்திலிருந்து அவள் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.