பொட்டு வைத்த ஆட்டப் பாய்

எங்கள் வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் மழைக்கு லீவு கிடையாது. அந்த மழையில் என் சித்தி வீட்டுக்குள்ளேயே குதித்து உடம்பைக் குறைத்த கதையை எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். தோட்டத்துப் பெண்ணுக்கு உடற்பயிற்சி ஒரு கேடா என்பார்கள். அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளும் அப்படித்தான் சிரித்தன.

சித்தி, அம்மாவின் தங்கை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தாள். வாசல் தாண்டாத வேலை. போகும்போது ஈர்க்குச்சியாக இருந்தவள், வரும்போது கதவில் ஒருக்களித்து நுழைந்தாள். திரும்பிப் போகக் கொழும்பில் மெடிக்கல் எடுத்தபோது பிரஷர் கூடிக் கிடக்கிறது, உடம்பைக் குறைத்துக்கொண்டு அடுத்த மாதம் வா என்று அனுப்பிவிட்டார்கள். அதிலும் தவறினால் வேலை வேறு ஆளுக்கு. சித்தப்பா உயிரோடு இல்லை. சித்தியின் குட்டி மகள் எங்கள் காம்பரா அறையில்தான் வளர்ந்தாள்.

சித்தியின் பெட்டிக்குள் ஒரு பாய் இருந்தது. குவைத் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிச் சலித்துக் கொடுத்தது. நாலு பக்கமும் அம்புக்குறி. வயரை டீவியில் சொருகினால் பாட்டோடு திரையில் அம்புகள் ஏறும். எந்த அம்பு வருகிறதோ அதை மிதிக்க வேண்டும். தப்பாக மிதித்தால் மணி அடிக்கும், சரியாக ஆடினால் டீவியே கைதட்டும்.

வெளிநாட்டுச் சாமான் வீட்டுக்கு வந்தால் சாமி கும்பிட்டுத்தான் தொடுவோம். ரேடியோவுக்கும் அயன்பெட்டிக்கும் நடந்ததுதான். அம்மா பாயை விரித்து, நாலு அம்புக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் சிக்கல்.

"ம், ஏறு" என்றாள் அம்மா.

"பொட்டு வச்சதுல எப்பிடிக்கா கால வைக்கிறது?"

சித்தி காலைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றாள். டீவி மணியடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்துக் காம்பரா அத்தை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"மிதிக்கிற சாமானுக்குச் சூடம் காட்டுனது ஒங்க வீட்டுலதான்டி. நாளைக்குச் செருப்புக்கும் மாலை போடுங்க!"

கடைசியில் சித்தி குனிந்து, நாலு அம்பையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். அந்த மாதம் முழுக்க அப்படித்தான் ஏறினாள்.

பகலெல்லாம் கொழுந்து பறிக்க மலை ஏறி இறங்கிய அம்மா, பொழுது சாய்ந்தால் சுவரில் முதுகைச் சாய்த்துத் தேத்தண்ணி குடித்தபடி, தங்கை நின்ற இடத்திலேயே மலை ஏறுவதைப் பார்த்துச் சிரிப்பாள். அத்தையும் வந்துவிடுவாள்.

"நாலு நாளைக்கு என்கூடக் கொழுந்துக்கு வாடி. தானா எறங்கும்" என்பாள் அம்மா.

"தோட்டத்துப் பதிவுலருந்து பேரைத்தான் வெட்டிட்டாங்களே அக்கா. கணக்கப்புள்ள என்னைய மலைப்பக்கம் வுடுவாரா?"

நான்தான் வாத்தியார். "இடது சித்தி! பின்னால! பின்னால!" என்று தொண்டை கட்டக் கத்துவேன். வந்த புதிதில் சித்தியைக் கண்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த குட்டி, மெல்ல மெல்ல வெளியே வந்தாள். சித்தியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு தானும் குதித்தாள். என்னைப் பார்த்துத் தன் அம்மாவையே சித்தி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் குதித்த குதியில் "அம்மா, இன்னொருக்கா!" என்றாள். சித்தி அப்படியே நின்றுவிட்டாள். டீவி அது பாட்டுக்கு மணியடித்தது.

அதற்கப்புறம் சித்திக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பாட்டின் பாதியில் இறங்கி, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னைக்குப் போதும்டி."

"பெயிலாயிருவீங்க சித்தி!"

குட்டியின் உச்சியை ஒருதரம் முகர்வாள். பிறகு பிள்ளையை இறக்கிவிட்டு, பாயைத் தொட்டுக் கும்பிட்டு மறுபடியும் ஏறுவாள். பரீட்சை என்றால் பாஸாக வேண்டும். பாஸானால் என்ன ஆகும் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

மறு மெடிக்கலுக்குக் கொழும்பு போனவள், மறுநாள் பின்னேரம் நனைந்துகொண்டே ரோட்டிலிருந்து இறங்கி வந்தாள். பாதி வழியில் மறித்துக் கேட்டேன்.

"பாஸா சித்தி?"

"பாஸ்டி."

அவ்வளவுதான். லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை வாசல் வாசலாக ஓடினேன். "எங்க சித்தி பாஸ்! எங்க சித்தி பாஸ்!" எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கும் அத்தை, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குட்டி என் பின்னாலேயே ஓடிவந்தாள், மழையில் குதித்துக்கொண்டு, கையைத் தட்டிக்கொண்டு.

"எங்கம்மா பாஸ்! எங்கம்மா பாஸ்!"

அம்மா வந்து என் முதுகில் ஒன்று வைத்தாள். "வாய மூடிக்கிட்டு உள்ள போடி."

அடுத்தவர் பாஸானதற்கு அடி வாங்கிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று, அன்றைக்கு முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.