மேல் டிவிசன் முத்துலெட்சுமியும் எங்கள் முத்துலெட்சுமியும்

“ஆபீசு கம்ப்யூட்டர்ல இருக்குறது ஒன் பெட்டிக்கு எப்புடி புள்ள வரும்? கண்டாக்கையா தூக்கிக் குடுத்துருவாரா?” என்று முத்துலெட்சுமி அக்கா ஒருமுறை கேட்டார். கண்டாக்கையா என்றால் தோட்டத்தில் வேலை வாங்கும் அதிகாரி. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் பக்கத்து அறை, அதாவது காம்பரா, அவருடையது. நான் சிரித்தேன். வீட்டிலேயே முதன்முதலாக ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவள் வேறென்ன செய்வாள்?

இன்று ஹட்டனில் வேலை பார்க்கும் இடத்தில், திரையில் பிரித்துப் பார்த்த ஒரு பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. பக்கத்து மேசையில் யாரோ நனைந்த கம்பளிச் சட்டையைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த வாடையோடு அக்கா நினைவில் வந்து நின்றுவிட்டார்.

படிப்பு முடிந்த கையோடு எங்கள் தோட்டத்துக்கு ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்தேன். தனி வீடு கிடைத்தவர்களின் பட்டியல் ஆபீசிலிருந்து ஜேசன் என்ற தரவு வடிவில் வரும். பிஎச்பி என்ற கணினி மொழியில் இரண்டே வரி: ஒன்று அதை எடுத்துவரும், இன்னொன்று பிரித்துக் கொடுக்கும். ஆளுக்கொரு பதிவு எண்ணும் அதில் இருந்தது. எனக்கு அந்த எண் ஆகாது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அம்மாவை எண் சொல்லிக் கூப்பிட்டதைப் பள்ளிச் சீருடையில் நின்று கேட்டிருக்கிறேன். என் வலைப்பக்கத்தில் எல்லாரும் பெயரோடுதான் இருப்பார்கள் என்று எண்ணை விட்டுவிட்டுப் பெயரை வைத்தே அடுக்கினேன். தோட்டத்தில் பாதிப் பேருக்கு நாலைந்து சாமிப் பெயர்கள்தான் என்பது எனக்குத் தெரியாததா? அப்படி அடுக்கினால், அதே பெயரில் பின்னால் வருகிறவர் முன்னால் இருந்தவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசன் முத்துலெட்சுமி பட்டியலில் இருந்தார். எங்கள் அக்கா இல்லை.

கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்தபடியே அக்கா வந்து கேட்டார்.

“நல்லாப் பாத்தியா தாயி? எம்பேரு இருக்குன்னு கண்டாக்கையா வாயாலயே சொன்னாரே.”

“மெஷின் பொய் சொல்லாதுக்கா. இல்லன்னா இல்லதான்.”

“அப்பச் சரி. படிச்ச புள்ள, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

பட்டியலில் பெயர் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை ஆபீசில் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் போகவில்லை. வராதவரின் வீடு அடுத்த குடும்பத்துக்குப் போனது. ஒரு வாரம் கழித்துத் தவறைக் கண்டுபிடித்தேன். எண்ணை வைத்து அடுக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தீபாவளிக்கு அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கையும் தின்றேன், உங்களிடம் மறைப்பானேன்.

அந்த வலைப்பக்கம் இப்போது இல்லை. பன்னிரண்டு காம்பரா லயமும் இல்லை என்றே சொல்லலாம். தனி வீட்டுக்குப் போனவர்கள் கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். குழாயடிச் சண்டை, பிள்ளைகளின் கூச்சல், ஒரு வீட்டு ரசம் எல்லா வீட்டிலும் மணப்பது, எதுவும் இல்லை. கூரையில்லாத சுவர்களுக்கு நடுவில் அக்காவின் அடுப்பு மட்டும் புகைகிறது.

மத்தியானம் தோட்டத்து ஆபீசுக்கு, தவறு என்னுடையது என்று எழுதி, பெயரும் கையெழுத்தும் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நகல் மடியில் இருக்கிறது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். எங்கள் தோட்டத்துக்குப் போக நான் ஏறிய லிந்துலை பஸ் தலவாக்கலையைத் தாண்டிவிட்டது.