பாலம் இடிக்காத உயரம்

என் அக்காவுக்கு வேலை ஆற்றுத்துறையில். சரக்குப் படகுகளில் கன்டெய்னர்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று முடிவு செய்பவள் அவள்தான். கடைசித் துறையில் இறங்குவது அடியில், முதலில் இறங்குவது மேலே. கனம் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், மேலே பாலம் இடிக்கக் கூடாது. வீட்டில் பாத்திரம் கவிழ்ப்பதுகூட நாளைக்கு எது முதலில் வேண்டும் என்று பார்த்துத்தான். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த என் பெட்டியைத் திறந்து பார்த்தவள், "இதை எந்தக் கழுதைடி அடுக்குச்சு?" என்றாள்.

அந்தப் படகுகளில் ஒன்றை ஓட்டுபவர் மாமா, அவள் கணவர். பாதி வாழ்க்கை தண்ணீர்மேல். வீட்டுக்கு வந்தால் தூங்குவார். அவர் படகுக்கு அக்கா ஒருநாளும் சலுகை காட்டியதில்லை.

திங்கட்கிழமை அவளுக்கு வயிற்றில் கட்டி எடுக்கும் ஆபரேஷன். மாற்று ஆள் இல்லையென்று மாமாவுக்கு லீவு தரவில்லை. கடைசித் துறையில் படகை விட்டுவிட்டு பஸ் பிடித்தால் காலைக்குள் வந்துவிடலாம், வழியில் தாமதம் இல்லையென்றால். "அதான் நீ இருக்கியே" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை துறை ஆபீஸுக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மேற்கே மழை, ஆறு ஏறிக்கொண்டிருந்தது. மாமாவின் படகுக்கு மூன்று அடுக்கு, மேலடுக்கு முழுக்கக் காலிப் பெட்டிகள். தண்ணீர் இன்னும் ஏறினால் பாலம் இடிக்கும், வடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். கரையில் நிற்கும் கனமான டைல்ஸ் பெட்டிகளையும் அடியில் ஏற்றினால் படகு இன்னும் அமிழ்ந்து தப்பித்துவிடும். ஆனால் அவை முதல் துறையில் இறங்க வேண்டியவை. மேலே இருப்பதையெல்லாம் எடுத்துவைத்து அவற்றை இறக்குவதற்குள் ஒரு நாள் போய்விடும்.

அக்கா திரையில் பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் மேலடுக்கை மொத்தமாக எடுத்துவிட்டாள்.

கிரேன்காரர் வயர்லெஸில் கூப்பிட்டார். "என்னம்மா, வீட்டுக்காரர் படகு இப்படி இளைச்சுப்போச்சு? டயட்டா?"

"ஆமாண்ணே. இருக்கறதை ஏத்துங்க."

மேனேஜர் வந்து நின்றார். "இத்தனை காலிப் பெட்டி கரையில நிக்குது. தண்ணி ஏறலேன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"நான்தான் சார்."

"உங்க வீட்டுக்காரர் படகுங்கறதாலயா?"

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "தண்ணியும் ஏறுது சார். அவரும் வந்தாகணும் சார்."

"சரி. அடுத்த தடவையிலேருந்து அந்தப் படகை வேற யாராவது பாக்கட்டும்."

"சரிங்க சார்."

தண்ணீர் அன்று சாயங்காலமே வடிய ஆரம்பித்துவிட்டது. மூன்று அடுக்கும் தாராளமாகப் போயிருக்கும்.

திங்கட்கிழமை மாமா பஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார், சட்டையெல்லாம் டீசல் வாடையோடு. பெஞ்சின் ஒரு ஓரத்தில் அக்காவை ஒட்டிப் பொத்தென்று உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி யாராவது சாப்பிடுவாங்களா?" என்று அக்கா திரும்புவதற்குள் வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார்.

நர்ஸ் கூப்பிட்டார். நான் மாமாவின் தோளைத் தொடப்போனேன்.

"எழுப்பாதடி. அதான் வந்துட்டாருல்ல."

செருப்பைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். கதவருகே போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீ அந்தக் கடைசியில போய் உட்காரு. அவர் பக்கம் பெஞ்சு சாயுது பாரு."