நாவலூரில் கை நனைத்தவன்

தாம்பரம் முடிச்சூர் சாலையிலிருந்து நாவலூர் இருபத்திரண்டு கிலோமீட்டர். நான் எழுதிய பயணங்களிலேயே இதுதான் குட்டையானது. பனிமலைக்கும் போயிருக்கிறேன், உப்புப் பாலைக்கும் போயிருக்கிறேன். ஓரிடத்தில் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் இருந்தால் கால் அரிக்கிற ஆள். அந்தப் பயணங்கள் எல்லாம் வீடு திரும்பியதும் முடிந்துவிட்டன. இது முடியவில்லை.

ஐப்பசி ஞாயிறு. விழுப்புரத்தில் விடியுமுன் பாசஞ்சர் ஏறினேன். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலுக்கு வெளியே ஏரிகள் ஒவ்வொன்றாக வானத்தை வாங்கி வைத்துக்கொண்டிருந்தன. எதிர் இருக்கையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“போட்டத இன்னும் எடுக்கல பாருங்க, அம்பது பர்சென்ட் வரி. அமெரிக்காக்காரன்.”

“யார் மேல?”

“நம்ம மேலதான்.”

“நான் முருங்கைக்காய் விக்கிறேன் சார். எம்மேல எப்படிப் போடுவான்?”

பெட்டியே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்தக் காலையில் அது ஒரு நல்ல நகைச்சுவை.

தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலப் படிகளின் ஈரத்தில் வழுக்காமல் மேற்குப் பக்கம் வந்தேன். ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். தங்கை விஜயா கேட்டிலேயே நின்றாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். முகம் மட்டும் அதற்குப் பொருந்தவில்லை.

“அண்ணே, அங்க போய் வரி கிரின்னு வாயத் தொறந்துடாதே. கிரிக்கெட் பேசு. இன்னிக்கு மேட்ச் இருக்குது. அதையே பேசு.”

விஷயம் இதுதான். அவள் மகள் பவித்ராவை நாவலூர் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பிடித்திருக்கிறது என்று சொல்லியும் அனுப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் முறை. நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். விஜயாவின் கணவர் தனசேகர் நாகல்கேணியில் ஒரு தோல் கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். அங்கே வெட்டித் தைக்கிற ஷூ மேல்பாகங்கள் எல்லாம் அமெரிக்காவுக்குப் போகிறவை. வரி வந்ததும் ஆர்டர் நின்றது. ஆர்டர் நின்றதும் கதவைச் சாத்தி, வந்தால் கூப்பிடுகிறோம் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். தனசேகர் ஒரு மாதமாக வீட்டில் இருக்கிறார். நாவலூர்க்காரர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் இந்த இடம் தட்டிப்போகும் என்று விஜயாவுக்குப் பயம். இதற்கு முன் இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன.

பவித்ரா வீட்டில் இல்லை. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. அன்று பரீட்சை டியூட்டி. எப்படியும் கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு எட்வினின் டாக்ஸியில் கிளம்பினோம். போக வர ஆயிரத்து இருநூறு பேசியிருந்தார். பஸ்ஸில் போகலாம் என்று தனசேகர் சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் போய் இறங்கினால் மாடியிலிருந்து பார்ப்பார்கள் என்று விஜயா மறுத்துவிட்டாள்.

சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம். ரோட்டோரக் குட்டைகளில் விளம்பரப் பலகைகள் தலைகீழாக நின்றன. எட்வினுக்கு வாய் ஓயாது.

“ஷிப்டு வுட்டா நாகல்கேணி டீக்கடையாண்ட நிக்க எடம் இருக்காது சார். நேத்து போய்ப் பாத்தேன், மாஸ்டர் குந்திகினு போன் பாத்துகினு கீறாரு. இன்னாடான்னா, டீ குடிக்க ஆளே இல்லியாம். அவுனுக்கும் அமெரிக்காவுக்கும் இன்னா சார் சம்பந்தம்?”

“எட்வின், ரோட்டைப் பார்த்து ஓட்டு” என்றாள் விஜயா.

“ரோடு எங்கக்கா கீது, பாக்கறதுக்கு?”

தனசேகர் மட்டும் சிரித்தார். முன்சீட்டில், மடியில் வெற்றிலை பாக்கு, பழத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் விரல்களைப் பார்த்தேன். ஒரு மாதமாகத் தோலைத் தொடாத விரல்கள் வெளுத்து, சோப்பு வாசனையோடு, வேறு யாருடையவோ போல இருந்தன.

பெரும்பாக்கத்தில் அரசுக் குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லா மாடியிலும் துணி காய்ந்தது; வானம் எப்போது கொட்டுமோ என்று எல்லாத் துணியும் படபடத்தது. அதைத் தாண்டிச் சதுப்பு. தண்ணீரில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு. சோழிங்கநல்லூரில் திரும்பியதும் மெட்ரோத் தூண்கள். பாதி கட்டியும் கட்டாமலும், எதையோ தாங்கக் காத்து நிற்கிற தூண்கள்.

பன்னிரண்டு மணிக்கு நாவலூர். பத்தாவது மாடி. கீழே காவலாளி பெயர், எண், வந்த காரணம் எல்லாம் கேட்டார். “சொந்தக்காரங்க” என்றாள் விஜயா. தனசேகர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

வீடு நன்றாக இருந்தது. பளபளப்பு இல்லை, புழங்கிய வீடு. பையனின் அப்பா ராமநாதன் ஓய்வுபெற்ற வாத்தியார். வாசல் வரை வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். பையன் கார்த்திக் வணக்கம் சொல்லிவிட்டு டிவி பக்கம் நின்றுகொண்டான். இந்தியா பேட்டிங். அடுக்களையிலிருந்து நெய்யும் முந்திரியும் வாசமடித்தன.

அந்த வாசனை வந்ததும் எங்கள் மூவருக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில், பேச்சு முடியாத வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. காபி கணக்கில் சேராது. பஜ்ஜியும் சேராது. ஆனால் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பையன் வீட்டில் சமைத்து வைத்திருந்தார்கள். அவர்கள் சம்மதம் அது. எங்கள் பங்குக்குச் சாப்பிட வேண்டியதுதான் பாக்கி.

காபி வந்தது. நான் கிரிக்கெட்டை எடுத்தேன்.

“மிடில் ஆர்டர்தான் சார் தகராறு” என்றேன்.

“மிடில் ஆர்டரா? முதல் ரெண்டு பேரும் டாக்ஸியைக் காக்க வெச்சுட்டு வந்தவனுங்க மாதிரில்ல ஆடறானுங்க!” என்று ராமநாதன் சிரித்தார். பிறகு டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கார்த்திக் குறைத்தான்.

“பேப்பர்ல எல்லாம் வரி, வரி, வரி. இதெல்லாம் நாளைக்கு மாறும் சார். அவனே போடுவான், அவனே எடுப்பான். மழை மாதிரிதான். அதுக்காக யாரும் குறைஞ்சு போயிட மாட்டாங்க. என்ன சார் சொல்றீங்க? நீங்க எக்ஸ்போர்ட் லைன்லயே இருக்கறவர். உங்க பக்கம் எப்படி?”

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மழை என்கிறார், நனைகிறவனுக்கு முன்னால். தனசேகர் காபி டம்ளரைத் தரையில் வைத்தார்.

“பெருசா ஒண்ணும் இல்ல சார். ஓடிட்டிருக்கு.”

ராமநாதன் சற்று நேரம் அவரையே பார்த்தார்.

“எங்க பெரியவனை ஆபீஸ்ல அனுப்பிட்டாங்க” என்றார் குரலைத் தாழ்த்தி. “நாலு மாசம் ஆச்சு. உள்ள ரூம்லதான் இருக்கான். முதல்ல வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு. அப்புறம் சொல்லிட்டோம். சொன்னதும் பாரம் கொஞ்சம் இறங்கிச்சு. உங்க பக்கம் ஒண்ணும் தொந்தரவு இல்லியே?”

“இல்ல சார்.”

விஜயா மூச்சை விட்டாள். டிவியில் சத்தமில்லாமல் ஒரு விக்கெட் விழுந்தது.

“இலை போட்டாச்சு. அண்ணா, வாங்க. அண்ணி, நீங்களும் வாங்க” என்று பையனின் அம்மா வந்து கூப்பிட்டார்.

விஜயா எழுந்தாள். நானும் எழுந்தேன். தனசேகர் எழவில்லை.

“வாங்க சார், கை நனைங்க” என்றார் ராமநாதன்.

“இல்ல சார். வேணாம்.”

“கொஞ்சமா?”

“இன்னொரு நாள் பாக்கலாம்.”

கரண்டி பிடித்த அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. கார்த்திக் தரையைப் பார்த்தான். விஜயா கணவரிடம் குனிந்து, உதடு அசையாமல் என்னவோ சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் உட்கார்ந்திருக்க அவள் மட்டும் எப்படிச் சாப்பிடுவாள்? அவளும் சுவரோரம் நின்றுகொண்டாள்.

நான் தாய்மாமன். எனக்கு ஒரு மரியாதை உண்டு, ஒரு சொல்லும் உண்டு. “நான் சாப்பிடறேம்மா” என்றேன்.

நாலு இலை விரித்த மேசையில் ஒரு இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவியல், உருளைக்கிழங்கு வறுவல், வடை, சாம்பார். அந்த அம்மா ஒன்று விடாமல் பரிமாறினார். நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. பாயசம் ஊற்றினார். குடித்தேன். மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன். மீதி மூன்று இலைகளிலும் தெளித்த தண்ணீர் மின்விசிறிக் காற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

கிளம்பும்போது ராமநாதன் லிஃப்ட் வரை வந்தார். “போன்ல பேசிக்கலாம்” என்றார். இம்முறை யார் கையையும் பிடிக்கவில்லை.

கீழே எட்வின் கதவைத் திறந்துவிட்டார். “இன்னா சார், சாப்பாடு பலமா?”

வண்டியை எடுத்ததும் அவரே ஸ்கோர் சொல்லத் தொடங்கினார். சோழிங்கநல்லூர் தாண்டியதும் விஜயா வெடித்தாள்.

“அப்படி என்ன கெட்டுப்போச்சு? ஏன் சாப்பிடல?”

“பொய் சொன்ன வாயில அவங்க சோத்தை எப்படிடீ வைக்கறது?”

“அப்ப உண்மையைச் சொல்லிட்டுச் சாப்பிட்டிருக்கணும்!”

“சொல்லியிருந்தா சோறு போட்டிருப்பாங்களா?”

பெரும்பாக்கத்தில் மழை பிடித்தது. மாடிகளில் பெண்கள் ஓடி ஓடித் துணி எடுத்தார்கள். “போச்சு, ஆல் அவுட்டு” என்றார் எட்வின், போனைப் பார்த்து.

நாலரை மணிக்கு முடிச்சூர் சாலை. பவித்ரா டியூட்டி முடித்து வந்திருந்தாள். உடை மாற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை அப்படியே தொங்கியது. கார்த்திக்கின் மெசேஜ் எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஏம்பா சாப்பிடல? ‘உங்க அப்பாவுக்கு எங்க வீடு பிடிக்கல போல, அண்ணன் வேலை போனதைக் கேட்டு யோசிக்கிறார் போல’ன்னு எழுதியிருக்கார்.”

“ஐயோ, அது இல்லம்மா.” தனசேகர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “என் வேலை போனதை மறைச்சேன். மறைச்சுட்டு எப்படிச் சாப்பிடறது?”

பவித்ரா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் போன வாரமே சொல்லிட்டேம்பா அவர்கிட்ட. அவர் வீட்டுல சொல்லிட்டார். ‘நம்ம வீட்டுலயும்தான் ஒருத்தன் சும்மா இருக்கான், இதுல என்ன இருக்கு? அவரா சொன்னா கேட்டுக்குவோம், நாமளாக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்த வேணாம்’னு அவங்க அப்பா சொன்னாராம். நீங்களும் அம்மாவும் பயந்துட்டு இருந்தீங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

எனக்கு ராமநாதனின் முகம் நினைவுக்கு வந்தது. வரியைக் கேட்டு, பெரியவன் கதையைச் சொல்லி, இலைக்குக் கூப்பிட்டு, மூன்று முறை கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்த மனிதர்.

“தெரிஞ்சேதான் சமைச்சாங்களா?” என்றார் தனசேகர்.

விஜயா போனை எடுத்து நாவலூருக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் ஓய்ந்தது. காலையில் வடித்த சோறு இருந்தது. ரசம் ஊற்றி ஒரு தட்டைக் கணவர் முன்னால் வைத்தாள். அவர் ஒரு கவளம் பிசைந்து, பிசைந்து, பிசைந்துகொண்டே இருந்தார்.

இருட்டுவதற்குள் கிளம்பினேன். பவித்ரா குடை பிடித்துக்கொண்டு ஷேர் ஆட்டோ நிற்கிற முனை வரை வந்தாள்.

“மாமா, நீங்க சாப்டீங்க இல்ல?”

“சாப்பிட்டேன்டா.”

“பாயசம்?”

“ரெண்டு தடவை.”

அவள் குடையை என் பக்கம் சாய்த்தாள். “அது செல்லுமா மாமா?”

“ஸ்டேஷன், ஸ்டேஷன், ஒரு சீட்டு!” என்று ஆட்டோக்காரர் கத்தினார். நான் ஏறிக்கொண்டேன். குடை சிறிது தூரம் தெரிந்தது.

ஊர் பேர் தெரியாத வீடுகளில் எத்தனையோ சாப்பிட்டிருக்கிறேன். மொழி புரியாத கைகள் இட்ட ரொட்டி, ஆட்டுப்பால், உப்புப் போட்ட தேநீர். சாப்பிட்டேன், கும்பிட்டேன், கிளம்பினேன். அங்கெல்லாம் நான் சாப்பிட்டதைக் கொண்டு யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. விழுப்புரம் ரயிலில் கூட்டமில்லை. எதிர் இருக்கையில் யாரோ விட்டுப்போன காலைப் பேப்பர் கிடந்தது. வலது கையை முகர்ந்தேன். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் நெய் வாசம் போகவில்லை. போக வேண்டாம் என்று கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.