சித்தப்பா ஊதிய விபூதி

என் மகளுக்குக் கக்குவான் இருமலைக் கொடுத்தது என் கணவரின் சித்தப்பா. வேறு யாரும் இல்லை. போன வாரம் ஒரு கல்யாணத்தில், பந்தி முடிந்த கையோடு அவளைக் காட்டி, "நான் ஊதிப் பிழைச்ச குழந்தையாக்கும் இது" என்று மண்டபத்துக்கே சொன்னார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் எதிர்வீடு அவருடையது. தெருவில் எந்தக் குழந்தை அழுதாலும் அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளங்கையில் விபூதியை வைத்து, மந்திரத்தை முணுமுணுத்து, குழந்தையின் முகத்துக்கு நேரே குனிந்து 'ஃபூ' என்று ஊதுவார். திருஷ்டி போய்விடுமாம். என் மகள் பிறந்தபோது சாயங்காலம் தவறாமல் வந்து ஊதிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்.

அந்த வருஷம் கார்த்திகை விளக்கன்று அவருக்கு இருமல் பிடித்தது. கற்பூரப் புகை என்றார். மந்திரத்தின் நடுவே இருமினால் பலன் போய்விடும் என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். மறுபடி இருமல், மறுபடி முதலிலிருந்து. அரை நிமிஷ வேலைக்கு என் குழந்தையின் மூக்குக்கு மேலே அரை மணி நேரம் இருமினார். நான் முகம் சுளித்தால் என் கணவர் கண்ணால் அதட்டுவார். பெரியவர்களிடம் வாய் திறக்காத ஒரு வித்தைதான் அவருக்கு நன்றாக வரும்.

மார்கழி பிறந்ததும் குழந்தை இரும ஆரம்பித்தாள். முதல் தடுப்பூசி மட்டுமே போட்டிருந்தது. இடைவிடாமல் இருமுவாள். முகம் சிவந்து கத்திரிக்காய் நிறமாகும். குடித்த பால் முழுக்க வெளியே வரும். கொஞ்சம் வளர்ந்த குழந்தைகள் இருமி முடித்ததும் கூவுகிற மாதிரி மூச்சை இழுப்பார்கள். இவளுக்கு அந்தச் சத்தம்கூட வரவில்லை. மூச்சே நின்று நின்று வந்தது.

சித்தப்பா வைத்தியராகிவிட்டார். ஊதல் இரண்டு வேளையானது. திப்பிலியைத் தேனில் குழைத்துக் கொண்டுவந்தார். குழந்தையின் நாக்கில் தடவ நான் விடவில்லை. என் கணவர் தோசைக்குத் தொட்டுக்கொண்டார். கடைசியில், "கக்குவானுக்குக் கழுதைப்பால்தாண்டி மருந்து" என்று பிளாஸ்க்கோடு நாகர்கோவில் பக்கம் பஸ் ஏறிப் போய்த் திரும்பி வந்தார்.

"எங்கே சித்தப்பா, பிளாஸ்க் காலியா இருக்கே?"

"பஸ்ஸிலே இருமல் தாங்கலை. நானே குடிச்சுட்டேன்."

"அப்போ உங்களுக்கும் கக்குவானா?"

"அசடு மாதிரிப் பேசாதே. எனக்குக் கற்பூரப் புகை."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை நீலம் பாரித்தாள். ஆட்டோ பிடித்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சித்தப்பாவும் தொற்றிக்கொண்டார். உள்ளே டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், வராந்தாவிலிருந்து இருமல் கேட்கிறது.

"ஆரா அவிடெ சுமய்க்குந்நது?"

யார் அங்கே இருமுவது என்று மலையாளத்தில் கேட்டவர், தானே எழுந்துபோய் அவரை அழைத்து வந்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் விசாரித்தார்.

"எத்தனை நாளா இருமல்?"

"கார்த்திகை விளக்கிலேர்ந்து. கற்பூரப் புகையாக்கும் டாக்டர்."

"குழந்தை பக்கத்தில் போவீங்களா?"

"தினமும் முகத்திலே ஊதுவேன்" என்றார் பெருமையாக.

டாக்டரம்மா அவரைக் குழந்தையிடமிருந்து தள்ளி நிற்கச் சொன்னார். இரண்டு பேருக்கும் கக்குவான்தான், பெரியவர்களுக்கு இது விடாத இருமலாக மட்டும் தெரியும், பச்சைக் குழந்தைக்கு உயிர் போகும் என்றார். குழந்தையை அட்மிட் செய்து ஆக்ஸிஜன் வைத்தார். அவளுக்கும், வீட்டில் எல்லோருக்கும், சித்தப்பாவுக்கும் ஆன்டிபயாடிக் எழுதினார். ஒரு வயசு வரை தேன் கூடாது என்றார். சித்தப்பா வார்டுக்குள்ளும் கூடாது. அவர் வெளியே நின்று ஜன்னல் கம்பி வழியாக ஊதினார். நர்ஸ் ஜன்னலைச் சாத்தினாள்.

என் மகள் பிழைத்தாள். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் இருமல் உடனே போகாது, மாதக்கணக்கில் இழுக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். கோயில் பங்குனி உற்சவத்து ஆறாட்டு வரை இழுத்தது. ஆறாட்டுக்கு முந்தின நாள் சித்தப்பா தெருவில் நின்று ஊதியிருந்தாராம். அதனால் நின்றதாம். ஆக்ஸிஜனும் மருந்தும் சும்மா வேடிக்கை பார்த்தன போலிருக்கிறது.

இப்போது என் மகள் ஹைஸ்கூலில் படிக்கிறாள். போன வாரக் கல்யாணத்தில் அவர் பெருமை பேசி முடித்ததும் ஒரு சின்னப் பெண் தன் கைக்குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அவர் விபூதியை எடுத்தார். மந்திரம் ஆரம்பித்தார். இருமினார். நான் பாய்ந்து குழந்தையைப் பறித்தேன். அந்தப் பெண் என்னைப் பிசாசைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "இவளுக்கு எப்பவும் நாக்கு நீளம்" என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் குழந்தையை வாங்கி, "நாளைக்கு ஆத்துக்கு வரேன் மாமா" என்று அவரிடமே சொன்னாள்.

சித்தப்பா, அடுத்த வாரம் பஜனை மடத்தில் ராதா கல்யாண உற்சவம். அந்தப் பெண்ணும் வருவாள், தெருவே வரும். பஜனை பாட மைக் உங்கள் கையில்தான் இருக்கும். டாக்டரம்மா உங்களுக்கு எதற்காக மாத்திரை எழுதிக் கொடுத்தார்? எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும்வரை எந்தக் குழந்தை முகத்திலும் ஊதாதீர்கள்.