வெயில் பக்கத்து ஜன்னல்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிற ஆள். பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. என் மகள்தான், "நீ பேசத்தான் மாட்டே, எழுதவாவது எழுதுப்பா" என்று நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்துவிட்டாள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005-ஆம் வருடம் ஜூலை மாதம், கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் நடந்தது இது.

பாரிமுனையில் காகிதம் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் எனக்கு வேலை. பண்டல் கட்டுவது, வண்டியில் ஏற்றி அனுப்புவது. வீடு சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கி சைக்கிளில் நாலு கிலோமீட்டர் போக வேண்டிய ஒரு கிராமம். சாயந்திரம் ஐந்தரைக்கு மேல் கிளம்புகிற ஒரு வண்டியில்தான் அதுவரை பதினோரு வருடமாகத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

தினமும் ரயிலில் போகிறவர்களுக்குத் தெரியும், எங்கே உட்காருவது என்பது சும்மா நடக்கிற விஷயம் இல்லை. மாம்பலத்தில் இறங்குகிறவர் படிக்கட்டுக்கு நேராக நிற்கிற பெட்டியில்தான் ஏறுவார். தாம்பரத்தில் பஸ் பிடிக்கிறவர் இடம் காலியாக இருந்தாலும் கதவோரம்தான் நிற்பார். பொத்தேரிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு உட்காருவதே பிடிக்காது, காற்று வேண்டும். தூங்குகிறவர்களுக்கு ஜன்னல் வேண்டும், ஆனால் நிழல் பக்கத்து ஜன்னல். சாயந்திரம் தெற்கே போகிற வண்டியில் மேற்குப் பக்கம் உட்கார்ந்தால் தாம்பரம் வரைக்கும் வெயில் முகத்திலேயே அடிக்கும். அதனால் அந்தப் பக்கத்தை யாரும் விரும்பமாட்டார்கள்.

நான் உட்காருவது அந்தப் பக்கம்தான். பின்னாலிருந்து நாலாவது பெட்டி, மேற்குப் பக்கத்து ஜன்னல். காரணம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான். வெளியே பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவரிடமும் பேச வேண்டியதில்லை. கடை பூட்டி நான் ஓடி வருவதற்குள் வண்டி பாதி நிறைந்திருக்கும். ஆனாலும் அந்த இடம் மட்டும் எனக்குக் கிடைத்துவிடும். வெயிலுக்கு பயந்து யாரும் உட்காரவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரும் புதிருமாக இருக்கும் அந்த ஆறு இடத்தில் மீதி ஐந்து இடமும் ஒரு சீட்டாட்டக் கூட்டத்துடையது. மடியில் ஒரு அட்டையை விரித்துப்போட்டு செங்கல்பட்டு வரைக்கும் ரம்மி. பந்தயம் சுண்டல்தான், ஆனால் சத்தம் பெட்டியையே தூக்கும். அதில் ஒருவர் பெரிய மீசைக்காரர், ஹார்பரில் வேலை. அவர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும். போகிற வருகிறவர்களையெல்லாம் கிண்டல் செய்வார். வேர்க்கடலை விற்கிறவரைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, கடலையவிட தோலு ஜாஸ்தியா கீது?" என்பார். ஐந்து பேரும் சிரிப்பார்கள். என்னையும் ஏதாவது சொல்லித்தான் சிரிக்கிறார்கள் என்று நானாக முடிவு செய்து வைத்திருந்தேன். அவர்கள் சிரித்தால் நான் இன்னும் நன்றாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பதினோரு வருடத்தில் அவர்களிடம் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

அந்த வருடம்தான் என் மூத்த மகள் பிளஸ் டூ முடித்தாள். நர்ஸாக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நல்ல மார்க்கும் வாங்கியிருந்தாள். கவுன்சலிங்குக்குக் கடிதம் வந்துவிட்டது. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் எல்லாம் ஒரிஜினலாகக் கொண்டு வர வேண்டும், ஒன்று குறைந்தாலும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அவள் பள்ளிக்கூட டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வேண்டும். எங்கள் முதலாளிக்குத் தெரிந்த ஒரு அதிகாரி கோட்டைக்குப் பக்கத்தில் இருந்தார். அவரைப் பிடிக்க நாலு நாள் ஆனது. கடைசியில் கவுன்சலிங்குக்கு முதல் நாள்தான் கையெழுத்துக் கிடைத்தது. ஒரிஜினலும் நகலும் ஒரே ஃபைலில். பச்சை நிற ஃபைல். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டி ஏறினேன்.

அன்றைக்கு வெயில் இல்லை. கிண்டி தாண்டும்போதே மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. வண்டலூரில் மழை பிடித்தது. என் பக்கத்துக்கே நேராகச் சாரல். ஜன்னல் கதவை இறக்கப் பார்த்தேன், துருப்பிடித்து பாதியிலேயே நின்றுவிட்டது. ஃபைல்மேல் இரண்டு சொட்டு விழுந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து எதிர்ப்பக்கம் போனேன். அங்கே உட்கார இடமில்லை. மேலே சாமான் பலகையில் ஃபைலைப் படுக்க வைத்துவிட்டு, அதன் கீழேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிபன் பை கையில்.

பதினோரு வருடமாக நான் அந்தப் பலகையில் எதுவும் வைத்ததில்லை. எப்போதும் டிபன் பை ஒன்றுதான், அது மடியில். அன்றைக்கும் சிங்கப்பெருமாள்கோவில் வந்ததும், டிபன் பையை மட்டும் மார்போடு பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கை கனக்கவில்லை என்பதுகூட உறைக்கவில்லை. மழையில் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும் என்கிற அவசரம்.

வண்டி கிளம்பும்போது பின்னாலிருந்து பெரிய கூச்சல் கேட்டது. சீட்டாட்டக் கூட்டத்தின் குரல். "ஜன்னல் சார்! யோவ் ஜன்னல் சார்!" என்று மீசைக்காரர் கத்தினார். மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நனைந்துகொண்டு ஓடுகிறவனைப் பார்த்துக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அவமானமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டில் ஃபைலைச் சுற்றுவதற்காக பிளாஸ்டிக் பை எடுத்தபோதுதான் தெரிந்தது.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். டிக்கெட் கொடுக்கிறவரிடம் சொல்ல வார்த்தை வரவில்லை. "ஃபைலு... பொண்ணு... நாளைக்கு..." என்று உளறினேன். அவர் நல்ல மனிதர், எந்தப் பெட்டி என்று கேட்டு செங்கல்பட்டுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "மேல பலகையில ஒண்ணும் இல்லையாம்ங்க" என்றார்.

எனக்கு நம்பிக்கை விட்டுப்போகவில்லை. அதே வண்டிதான் திரும்பிக் கடற்கரைக்குப் போகும் என்று தெரியும். நடைமேடை மாறி நின்றேன். அரை மணி நேரத்தில் வந்தது. ஓடிப்போய் அந்தப் பெட்டியில் ஏறி, இருக்கைமேல் ஏறி நின்று, பலகையைக் கையால் தடவித் தடவிப் பார்த்தேன். தூசுதான் இருந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மறைமலைநகரில் இறங்கி, அடுத்த வண்டி பிடித்துத் திரும்பி வந்தேன். பெட்டியில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார்கள். அன்றைக்குக் கூச்சம்கூட இல்லை.

சைக்கிளை மிதிக்கத் தெம்பில்லை. சேற்றில் தள்ளிக்கொண்டே போனேன். மகளிடம் என்ன சொல்வது? மறுபடி சான்றிதழ் வாங்க மாதக்கணக்கில் ஆகும். கவுன்சலிங் காலையில். அவளுடைய இரண்டு வருட உழைப்பை ஒரு பலகையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வீட்டுத் தெரு முனையில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே போகக் கால் வரவில்லை.

எங்கள் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. எங்களுக்கு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாரும் கிடையாது.

உள்ளே போனால், என் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, என் நாற்காலியில் அந்த மீசைக்காரர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ. பக்கத்தில் தரையில் என் மகள், பச்சை ஃபைலைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஜன்னல் சார்!" என்றார் அவர். "இன்னா சார் இது, வூட்டுக்காரர் வர்றதுக்குள்ள நான் ரெண்டாவது டீ குடிச்சுகினு கீறேன்!"

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எல்லாம் இருக்குப்பா. ஒரு சொட்டு தண்ணி படல" என்றாள் மகள். அவர் தன் மழைக்கோட்டை ஃபைலுக்குச் சுற்றிவிட்டு, தான் தொப்பலாக நனைந்து வந்திருக்கிறார். சாதிச் சான்றிதழில் இருந்த ஊர்ப் பெயரைப் பார்த்து, செங்கல்பட்டிலிருந்து இந்த மழையில் வண்டியை விட்டுக்கொண்டு வந்து, ரேஷன் கடையில் மகள் பெயரைச் சொல்லி வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

"உங்க பேரே இதுல பாத்துத்தான் சார் எங்களுக்குத் தெரிஞ்சுது. பதினோரு வருசம்!" என்று சிரித்தார். பிறகு, "ஆமா, அந்தக் கத்து கத்தறோம், திரும்பிக்கூடப் பாக்காம போய்க்கினே கீறீங்களே? ஃபைல தூக்கிக்கினு நான் பாதி எறங்கிட்டேன், வண்டி எடுத்துட்டான். காதுல வுழலயா?"

பொய் சொல்லியிருக்கலாம். மழைச் சத்தம் என்று சொன்னால் போதும். ஏனோ அன்றைக்கு உண்மைதான் வந்தது. "விழுந்துச்சுங்க. கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சேன்."

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் அவர் முகம் வாடிவிட்டது. இவ்வளவு செய்தவரைக் காயப்படுத்திவிட்டேனே என்று எனக்குப் பதறியது.

"கிண்டல் பண்ணுவோம் சார், இல்லன்னு சொல்லல" என்றார் மெதுவாக. "ஆனா உங்கள பண்ணதில்ல. நீங்க நம்ம ஆளு."

நான் புரியாமல் பார்த்தேன்.

"நாளைக்கு நீங்க கவுன்சலிங் போறீங்கல்ல? அப்ப சாயந்திரம் எடம் போட வேணாம்ல?"

"எனக்கா? எடமா?"

"பின்ன? தெனம் அந்த ஜன்னலு உங்களுக்காவ தானா காலியா இருக்குதுன்னு நெனச்சீங்களா? வண்டி உள்ள வரும்போதே கர்ச்சீப் போட்டுருவோம். எத்தினி பேரோட சண்ட தெரியுமா?"

"எதுக்குங்க?" என்றேன். நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை.

"வேற எவனாச்சும் ஒக்காந்தா சும்மா இருப்பானா? எங்க கைச்சீட்ட எட்டிப் பாத்துட்டு, 'ஏழப் போடு, ராணிய வெச்சிக்கோ'ன்னு வழி சொல்லுவான். ஆட்டமே பூட்சு. நீங்க ஒருத்தர்தான் சார் பதினோரு வருசமா ஒரு தபா கூட எங்க சீட்டப் பாக்கல. அந்த எடத்துல உங்கள வுட்டா நாங்க வேற யாரையும் ஒக்கார வைக்க மாட்டோம்."

"வூட்லயும் அப்படித்தாங்க" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சொன்னாள். "எதையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மழை ஈரம்தான் என்று துடைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டுப் போகச் சொன்னோம், கேட்கவில்லை. மகளிடம், "நைனாவ நம்பாத கண்ணு, நாளைக்கு ஃபைல நீயே புடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் கையைக் கூப்பினேன். வார்த்தை அப்போதும் வரவில்லை. அவருக்கு அது ஒன்றும் குறையாகப் படவில்லை.

அதற்குப் பிறகும் அந்த வண்டியில் போய் வருகிறேன். எனக்கு இன்னும் ரம்மி ஆடத் தெரியாது, பேச்சும் பெரிதாக வந்துவிடவில்லை. ஆனால் வண்டி ஏறியதும் ஐந்து பேரையும் பார்த்து, "வந்துட்டீங்களா?" என்று கேட்கிறேன். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

கூச்சம் என்பது யாரையும் தொந்தரவு செய்யாத நல்ல குணம் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். அதற்குள்ளே, எதிரில் இருப்பவன் நமக்குக் கெட்டதுதான் நினைப்பான் என்கிற ஒரு கெட்ட எண்ணமும் உட்கார்ந்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்போதெல்லாம் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், கிண்டலாகவே இருந்தாலும் பரவாயில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு என் மகளைக் கூப்பிட்டார்கள். ஒரிஜினல் எல்லாவற்றையும் சரிபார்த்தார்கள். சேலத்தில் இடம் கிடைத்தது.